சபாட்டிகல் எடுக்கப் போகிறீர்களா? இரண்டு வருடம் முன்பே தொடங்குங்கள்

என் முதல் சபாட்டிகலை, அதாவது ஆய்வுக்காகப் பல்கலைக்கழகம் சம்பளத்தோடு தரும் நீண்ட விடுப்பை, என் அலுவலக அறையிலேயே கழித்தேன். வகுப்பு இல்லை, சம்பளம் உண்டு, அறை நிறையப் புத்தகம். இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன். அறை இருக்கிறது என்றால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம் அல்லவா? முதலில் ஒரு மாணவரின் வாய்மொழித் தேர்வு வந்தது. அப்புறம் "ஒரே ஒரு கூட்டம்தான்" என்று ஒரு ஆள்தேர்வுக் கமிட்டி வந்தது, அது பதினோரு கூட்டமாக வளர்ந்தது. செமஸ்டர் முடிந்தபோது எழுத நினைத்த புத்தகத்தில் ஒன்றரை அத்தியாயம்தான் தேறியது. யாரையும் குறை சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டியது நான்தான்.

இரண்டாவது முறை இரண்டு வருடம் முன்பே வேலையைத் தொடங்கினேன். புதிதாக டெனியூர் (நிரந்தரப் பேராசிரியர் பதவி) கிடைத்து, "சபாட்டிகல் என்றால் எப்படி, எங்கே ஆரம்பிப்பது?" என்று கேட்கிறவர்களுக்காக அந்த அனுபவத்தை வைத்து இதை எழுதுகிறேன். டெனியூர் என்ற ஏற்பாடு ஆழமாக வேரூன்றியிருப்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் என்பதால், விதிகளும் பணக்கணக்கும் அந்த ஊரை ஒட்டியே இருக்கும்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஏழாவது நாள் ஓய்வு, ஏழாவது வருடம் நிலத்தை உழாமல் தரிசாக விடுவது என்ற யூத மரபிலிருந்து வந்த சொல் இது. பல்கலைக்கழகத்துக்குள் இதைக் கொண்டுவந்த பெருமை வழக்கமாக ஹார்வர்டுக்குப் போகும். 1880-ல் அதன் தலைவராக இருந்த சார்லஸ் எலியட், ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இருந்த சமஸ்கிருத அறிஞர் சார்லஸ் லான்மனைத் தன் பக்கம் இழுக்க, ஏழு வருடத்துக்கு ஒருமுறை பாதிச் சம்பளத்தில் ஒரு வருட விடுப்பு என்ற வசதியையும் சேர்த்துக் கொடுத்தார். ஆக, பிறந்தபோதே இது ஆள் பிடிக்கும் உத்தி. நிர்வாகம் இதை இன்றும் ஒரு முதலீடாகத்தான் பார்க்கிறது. விண்ணப்பம் எழுதும்போது இதை மறக்காதீர்கள்.

உங்கள் வருடங்களை எண்ணுங்கள்

ஆறு வருட முழுநேரப் பணி, ஏழாவது வருடம் விடுப்பு: பொது வழக்கு இதுதான். ஆனால் "ஆறு வருடம்" என்பதை எப்படி எண்ணுவது என்பதில்தான் சிக்கல். கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டியின் ஆசிரியர் ஒப்பந்தம், முந்தைய ஏழு வருடங்களில் ஆறு வருடம் அதே வளாகத்தில் முழுநேரமாக வேலை செய்திருக்க வேண்டும் என்கிறது. வேறு இடங்களில் வேறு கணக்கு. சம்பளமில்லா விடுப்பில் போன வருடம் சேருமா, குழந்தை பிறந்தபோது எடுத்த செமஸ்டர் சேருமா, டெனியூருக்கு முன் எடுத்த இளநிலை ஆய்வு விடுப்பு கணக்கைத் திரும்பப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோகுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் உங்கள் ஆசிரியர் கையேட்டில் பதில் தேடுங்கள். தெளிவாக இல்லையென்றால் டீன் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். நடைபாதையில் துறைத் தலைவர் சொன்ன "அதெல்லாம் சேரும்" என்பது, தலைவர் மாறினால் சேராது.

வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறப் போகிறவர்களுக்கு ஒரு உபதேசம்: பழைய இடத்தில் சேர்த்த வருடங்கள் தானாகக் கூட வராது. வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன், நியமனக் கடிதத்திலேயே இத்தனை வருடம் சபாட்டிகல் கணக்கில் சேரும் என்று எழுதச் சொல்லுங்கள். கேட்கத் தோன்றாததால் பலர் இழக்கும் சலுகை இது. கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் சிரிப்பார்கள்.

தகுதி வந்துவிட்டது என்பதற்காக விடுப்பு கைக்கு வந்துவிடாது. பல இடங்களில் இது போட்டி. ஒரு கமிட்டி விண்ணப்பங்களைத் தரவரிசைப்படுத்தும், டீன் பார்ப்பார், அவருக்கு மேலே கல்வி நிர்வாகத்தின் தலைமை அதிகாரியான புரவோஸ்ட் பார்ப்பார், சில இடங்களில் அறங்காவலர் குழு வரை போகும். விடுப்பு தொடங்குவதற்கு முந்தைய கல்வியாண்டின் தொடக்கத்திலேயே கடைசித் தேதி இருப்பது சகஜம். அதற்கு முன் அழைப்புக் கடிதம், வெளி நிதி விண்ணப்பம் என்று எல்லாம் தயாராக வேண்டும். இரண்டு வருடம் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒரு செமஸ்டரா, ஒரு வருடமா?

பெரும்பாலும் இரண்டு வழி கொடுப்பார்கள். முழுச் சம்பளத்தில் ஒரு செமஸ்டர், அல்லது பாதிச் சம்பளத்தில் முழு வருடம். பல்கலைக்கழகத்துக்குச் சம்பளச் செலவு ஒன்றுதான். உங்களுக்கு ஒன்றல்ல.

அவசரப்பட்டு முடிவெடுக்காமல் காலண்டரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க ஆசிரியர் நியமனம் பொதுவாக ஒன்பது மாதத்துக்கானது, கோடை உங்களுடையது. வசந்தகால செமஸ்டரில் விடுப்பு எடுத்தால் ஜனவரி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை வகுப்பு கிடையாது. டிசம்பரில் விடைத்தாள் திருத்தி முடித்த நாளிலிருந்து எண்ணினால் ஏறக்குறைய எட்டு மாதம். இலையுதிர்கால செமஸ்டரில் எடுத்தாலும் மே மாதத்திலிருந்து ஜனவரி வரை அதே அளவு கிடைக்கும். ஒரு வித்தியாசம் உண்டு: வசந்தகால விடுப்புக்காரர் களைப்போடு தொடங்குவார், இலையுதிர்காலக்காரர் கோடையில் மூச்சுவிட்டுத் தொடங்குவார். நான் இரண்டாவதற்கே ஓட்டுப் போடுவேன். முழு வருடம் எடுத்தால் முன்னும் பின்னும் கோடை சேர்ந்து பதினைந்து மாதம் வரை நீளும். வெளிநாட்டில் களப்பணி, புதிய ஆய்வுக்கூட முறையைக் கற்றுக்கொள்வது, பெரிய புத்தகம் போன்றவற்றுக்கு அதுதான் சரி. ஏற்கெனவே பாதி எழுதிய கையெழுத்துப் பிரதியை முடிக்க எட்டு மாதம் போதும்.

இப்போது பணம். ஒரு கணக்குக்கு ஒன்பது மாதச் சம்பளம் 96,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். பாதி என்றால் 48,000. ஆனால் மருத்துவக் காப்பீட்டில் உங்கள் பங்கு மாதம் 400 டாலர் என்றால், அது 200 ஆகாது. 400 ஆகவே நிற்கும். ஓய்வூதியக் கணக்கில் பல்கலைக்கழகம் சம்பளத்தில் 10 சதவீதம் போடுகிறது என்றால், 9,600 என்பது 4,800 ஆகச் சுருங்கும். வீட்டுக்கடன் அப்படியே இருக்கும். வருமான வரி மட்டும் இறங்கும். ஆக, இதெல்லாம் போகக் கையில் நிற்கும் பணம் பாதிக்கும் கீழேகூடப் போகலாம். மனிதவள அலுவலகத்தில் உட்கார்ந்து, "பாதிச் சம்பள மாதத்தில் என் வங்கிக் கணக்கில் எவ்வளவு விழும்?" என்று நேரடியாகக் கேட்டு எண்ணை வாங்குங்கள். மாநில ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர்கள் அந்த வருடம் முழு வருடமாக எண்ணப்படுமா, பாதியாகவா என்பதையும் கேட்க வேண்டும்.

மீதிப் பாதியை எங்கே தேடுவது

வெளி அமைப்புகள் தரும் ஆய்வு உதவித்தொகைகள், அதாவது ஃபெலோஷிப்கள், இந்த இடத்தில்தான் கைகொடுக்கும். கணிதம், கோட்பாட்டு இயற்பியல் துறைகளில் இருந்தால் சைமன்ஸ் ஃபெலோஷிப்பைப் பாருங்கள். ஒரு செமஸ்டர் விடுப்பை ஒரு வருடமாக நீட்டிப்பதுதான் அதன் நோக்கமே. 1925-ல் தொடங்கிய கக்கன்ஹைம், கலை, இலக்கியம், வரலாறு, அறிவியல் என்று பல துறைக்காரர்களுக்கும் திறந்திருக்கிறது, ஆனால் போட்டி கடுமை. அமெரிக்கக் குடிமக்கள் வெளிநாடு போக ஃபுல்பிரைட் இருக்கிறது. 1946-ல் சட்டமாகி வந்த திட்டம் அது. ஓரிடத்தில் போய் உட்கார்ந்து எழுத விரும்பினால் பிரின்ஸ்டனில் இன்ஸ்டிட்யூட் ஃபார் அட்வான்ஸ்டு ஸ்டடி, ஸ்டான்ஃபோர்டில் நடத்தை அறிவியல் உயராய்வு மையம், ஹார்வர்டில் ராட்கிளிஃப் இன்ஸ்டிட்யூட், வட கரோலினாவில் நேஷனல் ஹ்யூமானிட்டீஸ் சென்டர். இவற்றுக்கெல்லாம் விண்ணப்பம் பெரும்பாலும் செப்டம்பரிலிருந்து சில மாதங்களுக்குள் கேட்பார்கள், முடிவு அடுத்த வருடம் வரும், பணம் அதற்கும் பிறகு. தேதிகள் வருடாவருடம் நகரும் என்பதால் அவரவர் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஃபெலோஷிப் கிடைத்தால் பல்கலைக்கழகம் மீதியை நிரப்புமா என்று முன்கூட்டியே கேளுங்கள். சபாட்டிகல் சம்பளம் 48,000, ஃபெலோஷிப் 40,000 என்றால் மீதமுள்ள 8,000-ஐ டீன் போட்டு முழுச் சம்பளம் ஆக்குவது உண்டு. சில இடங்களில் நேர்மாறு: ஃபெலோஷிப் பணத்தைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் தருவார்கள். பணம் உங்களுக்கு நேரடியாக வருகிறதா, பல்கலைக்கழகம் வழியாகவா என்பதும் முக்கியம். நேரடியாக வந்தால் பெரும்பாலும் வரி பிடித்தம் இருக்காது. காலாண்டுக்கு ஒருமுறை நீங்களே மதிப்பிட்டு வரி கட்ட வேண்டும். ஏப்ரலில் மொத்தமாகத் தலையில் விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விண்ணப்பம்: படிப்பவர் உங்கள் துறைக்காரர் இல்லை

கமிட்டியில் ஒரு வேதியியலாளர், ஒரு இசைப் பேராசிரியர், ஒரு வணிகவியல்காரர் இருப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன் இருபது விண்ணப்பம் படித்தாக வேண்டும் அவர்களுக்கு. உங்கள் துறையின் கலைச்சொற்கள் முதல் பத்தியிலேயே வந்தால் அவர்கள் கண் சொருகிவிடும்.

நான் கமிட்டியில் இருந்த காலத்தில் அடிக்கடி பார்த்த வாக்கியம்: "இந்த விடுப்பில் என் ஆய்வை மேலும் முன்னெடுத்துச் செல்வேன்." இதில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: "நான்கு அத்தியாயங்களில் இரண்டு முடிந்துவிட்டன. மூன்றாவதற்கான ஆவணங்கள் ஓர் ஆவணக் காப்பகத்தில் மட்டுமே உள்ளன. செப்டம்பர், அக்டோபரில் அங்கே இருப்பேன். நவம்பரிலிருந்து மார்ச் வரை மூன்றாவது, நான்காவது அத்தியாயங்கள். கோடையில் முழுப் பிரதியும் பதிப்பகத்துக்குப் போகும்." இதைப் படிக்கும் இசைப் பேராசிரியருக்கு உங்கள் துறை தெரியாது, ஆனாலும் இந்த ஆள் செய்துவிடுவார் என்ற நம்பிக்கை வரும்.

இந்த வேலையை ஏன் வழக்கமான செமஸ்டரில், சனி ஞாயிறில் செய்ய முடியாது என்பதற்கும் பதில் இருக்க வேண்டும். பயணம், தொடர்ச்சியான நேரம், வேறொருவரின் ஆய்வுக்கூடம் என்று காரணம் கண்கூடாகத் தெரிய வேண்டும். அப்புறம், திரும்பி வரும்போது பல்கலைக்கழகத்துக்கு என்ன கொண்டுவருவீர்கள் என்று ஒரு பத்தி. புதிய பாடம், மாணவர்களுக்கான தரவுத்தொகுப்பு, அடுத்த ஆய்வு நிதிக்கான முன்வேலை, எதுவாகவும் இருக்கட்டும். "களைத்துப்போயிருக்கிறேன்" என்று எழுதாதீர்கள். உண்மையாகவே இருக்கலாம், படிக்கிறவர்களும் களைத்தவர்கள்தான், ஆனால் அந்தப் படிவத்தில் அதற்கு இடமில்லை.

வேறு நிறுவனத்துக்குப் போவதாக இருந்தால் அழைப்புக் கடிதம் வாங்குங்கள். "வரவேற்கிறோம்" என்ற ஒரு வரி போதாது. மேசை, நூலக அனுமதி, கணினிக் கணக்கு, பதவிப் பெயர், கட்டணம் ஏதும் உண்டா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். வருகைப் பேராசிரியர்களிடம் மேசைக் கட்டணம் கேட்கும் இடங்களும் இருக்கின்றன, போய் இறங்கிய பிறகு தெரிந்தால் கஷ்டம். மனிதர்களிடம் தரவு எடுக்கும் ஆய்வு என்றால் நெறிமுறைக் குழு அனுமதி, வெளிநாட்டுக் களம் என்றால் அந்த நாட்டின் ஆய்வு அனுமதி. இரண்டுமே மாதக்கணக்கில் இழுக்கும்.

துறையையும் மாணவர்களையும் ஒழுங்குபடுத்துவது

துறைத் தலைவரிடம் வெறும் கோரிக்கையோடு போகாமல், தீர்வோடு போங்கள். எந்தப் பாடத்தை ஒரு வருடம் தள்ளிப்போடலாம், எதை வேறொருவர் எடுக்க முடியும், எதற்கு வெளியாள் வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் அவர் கையெழுத்து சுலபமாக விழும். அதே துறையில் இன்னொருவரும் அதே வருடம் கேட்கிறார் என்றால் முதலில் அவரோடு பேசிவிடுங்கள். இருவரும் ஒரே நேரத்தில் போய் நின்றால் ஒருவருக்கு நிச்சயம் "அடுத்த வருடம்" என்பார்கள்.

முனைவர் பட்ட மாணவர்களை விட்டுவிட்டுப் போக முடியாது, போகவும் கூடாது. ஆனால் வரையறை வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு இணையவழிச் சந்திப்பு, அத்தியாய வரைவு அனுப்பினால் மூன்று வாரத்தில் பதில், நிர்வாகக் கையெழுத்துகளுக்கு இணை வழிகாட்டி. இதைப் புறப்படுவதற்கு முந்தைய செமஸ்டரிலேயே அவர்களோடு உட்கார்ந்து பேசி எழுதிவையுங்கள். பட்டம் முடிக்கும் கட்டத்தில் இருப்பவருக்கு மட்டும் விதியைத் தளர்த்தலாம்.

கூட்டாட்சி அரசின் ஆய்வு நிதி கையில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முதன்மை ஆய்வாளர் மூன்று மாதத்துக்கு மேல் அந்தத் திட்டத்திலிருந்து விலகியிருந்தாலோ, அதற்குச் செலவிடும் நேரம் 25 சதவீதம் குறைந்தாலோ, நிதி தந்த அமைப்பின் முன் அனுமதி தேவை. விடுப்பில் அதே திட்ட வேலையைத்தான் செய்யப் போகிறீர்கள் என்றாலும் ஆய்வு நிர்வாக அலுவலகத்துக்குச் சொல்லிவிடுவது நல்லது.

விசா, கிரீன் கார்டு, வீடு

நம்மவர்கள் இடறி விழும் இடம் இது, அதனால் நின்று சொல்கிறேன். எச்-1பி என்ற வேலை விசாவில் இருந்துகொண்டே டெனியூர் வாங்கியவர்கள் நிறைய உண்டு. அந்த விசாவில் பல்கலைக்கழகம் ஒரு குறிப்பிட்ட சம்பளத்துக்குக் குறையாமல் கொடுத்தாக வேண்டும் என்ற விதி இருக்கிறது. பாதிச் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடும் முன் பன்னாட்டு அலுவலகத்தைக் கேளுங்கள். துறைச் செயலருக்கு இது தெரிந்திருக்காது, தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. வெளிநாட்டில் கழித்த நாட்களை எச்-1பியின் ஆறு வருட வரம்பில் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதால் விமான டிக்கெட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

கிரீன் கார்டு வைத்திருப்பவர் ஒரு வருடமோ அதற்கு மேலோ வெளியே இருக்கப் போகிறார் என்றால் மறுநுழைவு அனுமதி வாங்கிக்கொண்டு புறப்பட வேண்டும். விண்ணப்பிக்கும்போது அமெரிக்காவுக்குள் இருந்தாக வேண்டும். குடியுரிமைக்குக் காத்திருப்பவர்களுக்கு இன்னொரு கோடு: ஒரே மூச்சில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால், தொடர் வசிப்பு அறுந்துவிட்டது என்று அதிகாரி கருத இடமுண்டு. ஒரு வருடம் ஆனால் அறுந்தே போகும். அமெரிக்க ஆய்வு நிறுவனத்துக்காக வெளியே இருப்பவர்களில் சிலருக்கு என்-470 என்ற படிவம் கைகொடுக்கும். குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசுவது, அந்த வருடத்திலேயே பயனுள்ள செலவாக இருக்கும்.

காப்பீடு வெளிநாட்டில் எதற்கெல்லாம் செல்லும் என்று பாருங்கள், அவசரச் சிகிச்சைக்கு மட்டும் என்று இருக்கலாம். வீட்டை வாடகைக்கு விடுவதாக இருந்தால், சபாட்டிகலில் வரும் இன்னொரு ஆசிரியர் குடும்பமே நல்ல வாடகைதாரர். அதற்கென்றே சபாட்டிகல் ஹோம்ஸ் போன்ற தளங்கள் இருக்கின்றன. குழந்தைகள் இருந்தால் போகிற நாட்டின் பள்ளி வருடத்தைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் பள்ளி ஜனவரி இறுதியில்தான் தொடங்கும். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இந்தப் பேச்சு விண்ணப்பத்துக்கு முன்பே நடந்திருக்க வேண்டும், விண்ணப்பம் வென்ற பிறகு அல்ல.

விடுப்பு தொடங்கியபின்

முடிந்தால் ஊரை விட்டுப் போங்கள். முடியாவிட்டால் அலுவலகத்தை விட்டாவது போங்கள், நூலகத்தில் ஒரு மூலை போதும். மின்னஞ்சல் தானியங்கிப் பதிலில் "தாமதமாகலாம்" என்று எழுதாதீர்கள். இன்ன தேதி வரை விடுப்பு, பாட விஷயத்துக்கு இவர், பரிந்துரைக் கடிதம் இந்த முறை எழுத இயலாது என்று தெளிவாகப் போடுங்கள். கமிட்டிகளிலிருந்து முறைப்படி விலகுங்கள். சில துறைகளில் விடுப்பில் இருப்பவருக்கும் ஆள்தேர்விலும் டெனியூர் முடிவிலும் ஓட்டு உண்டு. அந்த ஓட்டைப் போடுவதா என்பதை முதல் நாளே தீர்மானியுங்கள். ஒன்றுக்குப் போய் மற்றொன்றுக்குப் போகாமல் இருந்தால் மனவருத்தம்தான் மிஞ்சும்.

முதல் மூன்று வாரம் ஒன்றும் ஓடாது. தூங்குவீர்கள், அலமாரியை அடுக்குவீர்கள், குற்ற உணர்ச்சி வரும். பயப்பட வேண்டாம், அதையும் கணக்கில் சேர்த்தே திட்டமிடுங்கள். திட்டம் மாறினால், காப்பகம் மூடிவிட்டது, கூட்டாளி விலகிவிட்டார் என்ற மாதிரி ஏதாவது நடந்தால், உடனே டீனுக்கு ஒரு கடிதம் எழுதி மாற்றத்துக்கு ஒப்புதல் வாங்குங்கள். வேறிடத்தில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பதும் பெரும்பாலான விதிகளில் அனுமதியின்றிக் கூடாது.

திரும்பி வந்ததும்

விடுப்புக்குப் பின் குறிப்பிட்ட காலம், வழக்கமாக ஒரு வருடம், அங்கேயே வேலை செய்தாக வேண்டும். இல்லையென்றால் விடுப்புச் சம்பளத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். மேலே சொன்ன கலிஃபோர்னியா ஒப்பந்தத்தில் விடுப்பு எடுத்த ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு பருவம் திரும்பி வேலை செய்ய வேண்டும், அதற்குப் பிணைப்பத்திரமோ சொத்து அறிக்கையோ கொடுக்க வேண்டும். விடுப்பில் இருக்கும்போதே வேறு வேலை வாய்ப்பு வந்தால், புதிய இடம் அந்தத் தொகையைக் கட்டுமா என்று பேசலாம். கட்டுகிற இடங்கள் உண்டு.

அறிக்கை கேட்பார்கள். விண்ணப்பத்தில் சொன்ன வரிசையிலேயே எழுதுங்கள்: சொன்னது, செய்தது, மாறியது, ஏன். என் முதல் அறிக்கையில் அந்த ஒன்றரை அத்தியாயத்தை மூன்று பக்கத்துக்கு நீட்டி முழக்கினேன். அடுத்த விண்ணப்பம் போட்டபோது கமிட்டி முதலில் எடுத்துப் பார்த்தது அந்த மூன்று பக்கத்தைத்தான். அறிக்கை ஏற்கப்பட்ட கடிதத்தின் நகலையும், அடுத்த ஆறு வருட எண்ணிக்கை எந்த செமஸ்டரில் தொடங்குகிறது என்று டீன் அலுவலகம் எழுதிய பதிலையும் ஒரே கோப்பில் வைத்துவிடுங்கள்.